வாய் வழியே சுவாசப்பைக்கு: சிஸ்ரிக் பைபுரோசிஸ் உள்ளவர்களின் வாய்க் கிருமிகள்



இந்த மாத உரையில் சிஸ்ரிக் பைபுரோசிஸ் என்ற பரம்பரை வருத்தத்தைப் பற்றியும், அந்த வருத்தம் உள்ளவர்களின் வாயில் குடியிருக்கும் கிருமிகளைப் பற்றியும் பேசப் போகிறேன். பெயர் நீளமாக இருப்பதால், வைத்தியசாலைகளில் சொல்வதுபோல நாமும் சுருக்கமாக சி.எப். என்றே சொல்வோம். அமெரிக்காவில் ஏறத்தாழ 40,000 பேர் இந்த வருத்தத்துடன் வாழ்கிறார்கள். எங்கள் சமூகத்திலும் சி.எப். உள்ள பிள்ளைகள் இருக்கலாம். சில வீடுகளில் பெற்றோருக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக இருக்கலாம். சில வீடுகளில் அது இன்னும் கண்டுபிடிக்கப்படாமல் வெறும் "நெஞ்சுச்சளி" என்ற பெயரோடு இருக்கலாம். அதனால்தான் இதை வானொலியில் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

சுவாசப்பை வருத்தத்தைப் பற்றிப் பேச வந்தவர் ஏன் வாயைப் பற்றிப் பேசுகிறார் என்று நீங்கள் கேட்கலாம். சுவாசப்பைக்குப் போகும் வழியின் வாசற்படி வாய்தான். வாசலில் யார் குடியிருக்கிறார்கள் என்பது உள்வீட்டுக்கும் முக்கியம். ஆகவே சி.எப். உள்ள பிள்ளையின் பல்லையும் முரசையும் கவனிப்பது அழகுக்கான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அது சுவாசப்பைப் பராமரிப்பின் ஒரு பகுதி. அதேவேளை, வாயில் உள்ள கிருமிகள் எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும் என்று புறப்படுவதும் பிழை. இந்த இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்வதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் வருத்தத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்.

குழந்தையை முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரித்தால் அந்தப் பிள்ளைக்கு ஆயுள் குறைவு என்று ஐரோப்பாவின் கிராமங்களில் பழைய நாளில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஏன் என்று அன்று எவருக்கும் தெரியாது. 1938இல் நியூயோர்க்கில் டொறதி அண்டர்சன் என்ற பெண் வைத்தியர், இறந்துபோன குழந்தைகளின் சதையியைப் பரிசோதித்து, இது தனியான ஒரு வருத்தம் என்று முதன்முதலில் தெளிவாக எழுதினார். 1948இல் நியூயோர்க்கில் கடும் வெப்பம் வீசியபோது, உடல் வறண்டு சோர்ந்த நிலையில் கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் பலருக்கு இதே வருத்தம் இருப்பதை வைத்தியர் போல் டி சான்ற்அக்னீஸ் கவனித்தார். அவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்பதை அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1953இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் இந்த வருத்தத்தை உறுதிசெய்யும் முக்கிய பரிசோதனை, வியர்வையில் உள்ள உப்பை அளப்பதுதான். ஊசி குத்தாமல், நோகாமல் செய்யும் பரிசோதனை அது.

1989இல் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையின் லாப்-சீ சுயி, ஜோன் றியோர்டன் ஆகியோரும், மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் கொலின்சும், இந்த வருத்தத்துக்குக் காரணமான பரம்பரை அலகை ஏழாவது நிறமூர்த்தத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த அலகின் வேலை என்ன? எங்கள் உடலின் கலங்களில் உப்பும் நீரும் போய்வர ஒரு சிறு கதவைச் செய்துகொடுப்பது. அந்தக் கதவு பழுதானால் வியர்வை உப்பாகிறது. சதையியின் குழாய்கள் அடைபட்டு, சாப்பாடு சரியாகச் சமிக்காமல் போகிறது. சுவாசப்பையில் தண்ணீர்போல் ஓடவேண்டிய சளி, பசைபோல் தடித்து ஒட்டிக்கொள்கிறது.

"இது வெள்ளைக்காரரின் வருத்தம்தானே, எங்களுக்கு ஏன்?" என்று சிலர் கேட்பதுண்டு. வெள்ளையினத்தவரில் இது கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் எங்களுக்கு வராது என்று எண்ணுவது ஆபத்து. தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் சி.எப். உள்ள தென்னிந்தியப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள். எங்கள் பகுதி மக்களில் காணப்படும் பரம்பரை மாற்றங்கள் வெள்ளையினத்தவரிடம் வழக்கமாகக் காணப்படுபவையிலிருந்து வேறுபடுவது உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களிடம் மிகப் பொதுவான எப்-508 என்ற மாற்றம் எங்கள் பகுதியில் அவ்வளவு பொதுவானது அல்ல.

இதனால் எங்களுக்கு என்ன நட்டம்? அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். 2010 முதல் 50 மாநிலங்களிலும் இந்தப் பரிசோதனையில் சி.எப்.பும் அடங்கும். கலிபோர்னியாவில் இது 2007இல் தொடங்கியது. ஆனால் இலங்கையிலோ, தமிழ்நாட்டு முகாம்களிலோ, வழியில் தங்கிய வேறு நாடுகளிலோ பிறந்து பின்னர் இங்கே வந்த பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்புக் கிடைத்திருக்காது. இங்கே பிறந்த பிள்ளைகளிலும், பொதுவான மாற்றங்களின் பட்டியலை மட்டும் தேடும் பரிசோதனை அரிதான மாற்றங்களைத் தவறவிடலாம். சான் பிரான்சிஸ்கோவையும் சிக்காகோவையும் சேர்ந்த இரு வைத்தியர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வெள்ளையினத்தவர் அல்லாத நோயாளரில், புதிய மாத்திரைகளுக்குத் தகுதியான பரம்பரை மாற்றம் உள்ளவர்களின் விகிதம் குறைவு.

ஆகவே பிள்ளைக்கு மாதக்கணக்கில் சளி இருமல், சாப்பிட்டும் நிறை கூடாமை, எண்ணெய்ப்பிடிப்பான நாற்றமுள்ள மலம், உப்புக் கரிக்கும் தோல், திரும்பத் திரும்ப நியூமோனியா, இவற்றில் சில சேர்ந்து இருந்தால், "பிறந்தபோது பரிசோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள்" என்று விட்டுவிடாமல், வியர்வைப் பரிசோதனை செய்யலாமா என்று வைத்தியரிடம் நேரே கேளுங்கள்.

சரி, இனி வாய்க்கு வருவோம்.

மனித வாயில் ஏறத்தாழ 700 வகைப் பக்டீரியாக்கள் வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு ஆளின் வாயில் இவை எல்லாம் ஒன்றாக இருப்பதில்லை. ஆனால் ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பெரிய ஊரே இருக்கிறது. நாக்கின் மேற்புறம் ஒரு குறிச்சி. பல்லுக்கும் முரசுக்கும் இடையிலான இடுக்கு இன்னொரு குறிச்சி. கன்னத்தின் உட்புறம் வேறொன்று. ஒவ்வொரு குறிச்சியிலும் குடியிருப்போர் வேறு.

இந்த ஊரின் குடிமதிப்பை எடுத்தவர்களில் சிலர், எங்கள் நேயர்கள் வாழும் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 1999இல் வளைகுடாப் பகுதியில் உள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரெல்மனின் ஆய்வுகூடம், ஒரே ஒருவரின் முரசு இடுக்கில் இருந்து எடுத்த அழுக்கில் உள்ள கிருமிகளை இரண்டு வழிகளில் தேடியது. ஆய்வுகூடத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது ஒரு வழி. அவற்றின் மரபுப்பொருளை வாசிப்பது மற்ற வழி. தட்டில் வளராத பல கிருமிகள் இரண்டாவது வழியில் வெளிப்பட்டன. பின்னர் மனித நுண்ணுயிர்த் திட்டம் என்ற பெரிய அரசாங்க ஆய்வு 2012இல் தன் முடிவுகளை வெளியிட்டது. அதற்காக 242 ஆரோக்கியமான வளர்ந்தோரிடம் மாதிரிகள் எடுத்தார்கள். அவர்கள் ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனிலும், மிசூரி மாநிலத்தின் செயின்ற் லூயிசிலும் சேர்க்கப்பட்டவர்கள். வாயிலும் தொண்டையிலும் மட்டும் ஒன்பது இடங்களில் மாதிரி எடுத்தார்கள் என்றால், வாய் எவ்வளவு முக்கியமான இடம் என்பது விளங்கும்.

"எச்சில்" என்ற சொல்லே எங்களுக்கு அருவருப்போடு வருவது. ஆனால் ஆரோக்கியமான வாயின் பெரும்பாலான கிருமிகள் எங்களுக்குத் தீங்கு செய்வதில்லை. அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதால், கெட்ட கிருமி வந்து குடியேறுவதற்கு இடம் கிடைப்பதில்லை. சனம் நிறைந்த ஊரில் கள்ளன் இலகுவில் குடியேற முடியாதல்லவா? அதுபோலத்தான்.

இந்தக் கிருமிகள் சுவாசப்பைக்கு எப்படிப் போகின்றன? நாங்கள் நித்திரை கொள்ளும்போது, எங்களை அறியாமலே சிறுசிறு துளி உமிழ்நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. இது நோயில்லாத ஆட்களுக்கும் நடப்பதுதான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிர்கள் உண்டு. அவை சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இறங்கிய கிருமிகள் அந்தச் சளியோடு மேலே வந்துவிடும். சி.எப். உள்ளவரில் சளி பசைபோல் தடித்திருப்பதால் இந்த மயிர்களால் அதைத் தள்ள முடிவதில்லை. இறங்கியது இறங்கியபடியே கிடக்கும். அந்தத் தடித்த சளியின் உட்பகுதியில் ஒட்சிசன் மிகக் குறைவு. வாயின் முரசு இடுக்கில் காற்றில்லாமல் வாழப் பழகிய கிருமிகளுக்கு அது பழகிய வீடு மாதிரி.

பல ஆண்டுகளாக வைத்தியர்கள் சி.எப். உள்ளவரின் சளியில் சில குறிப்பிட்ட கிருமிகளையே தேடிவந்தார்கள். அவற்றில் முக்கியமானது சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரமான இடம் எங்கும் வளரக்கூடியது. ஒருமுறை சுவாசப்பையில் நிலைகொண்டால் அகற்றுவது மிகக் கடினம். வாய்க் கிருமிகள் சளியில் தென்பட்டால், "அது எச்சில் கலந்தது" என்று ஒதுக்கிவிடுவார்கள். 2008இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில், காற்றில்லாத சூழலில் வளர்த்துப் பார்த்தபோது, வாய்க்குரிய கிருமிகள் சி.எப். நோயாளரின் சளியில் மிகப் பெரும் தொகையில் இருப்பது தெரியவந்தது. பிரெவொரெல்லா, வெயிலொனெல்லா என்பன அவற்றின் பெயர்கள். அதே ஆண்டில் கனடாவின் கல்கரியில், வாயில் சாதாரணமாக வாழும் ஸ்ரெப்ரோகொக்கஸ் குடும்பத்தின் ஒரு கூட்டம், சில நோயாளரில் வருத்தம் திடீரென மோசமாவதற்குக் காரணமாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

2010இல் சான் பிரான்சிஸ்கோவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சூசன் லிஞ்சும் அவரோடு பணியாற்றியவர்களும், சிறு பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை பல வயதுச் சி.எப். நோயாளரின் சளியை ஆராய்ந்தார்கள். சிறுவயதினரில் பலவகைக் கிருமிகள் கலந்து வாழ்ந்தன. வயது கூடக் கூட வகைகள் குறைந்து, சூடோமோனாஸ் போன்ற ஒன்றிரண்டு கிருமிகளின் ஆட்சி ஏற்பட்டது. வகைகள் குறைந்த இடத்தில் சுவாசப்பையின் பலமும் குறைந்திருந்தது. அப்படியானால் வாய்க் கிருமிகள் கலந்திருப்பது நல்லதா? அங்கேதான் சிக்கல்.

2016இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் றயன் ஹன்ரரின் ஆய்வுகூடம் இன்னொரு உண்மையைக் காட்டியது. சளியில் உள்ள மியூசின் என்ற பசைப் பொருளைச் சூடோமோனாஸ் தானாக நன்றாகச் சாப்பிட முடியாது. வாயிலிருந்து இறங்கிய காற்றில்லாக் கிருமிகள் அதை உடைத்துச் சிறு துண்டுகளாக்குகின்றன. அந்தத் துண்டுகளைச் சூடோமோனாஸ் உண்டு வளர்கிறது. ஒருவர் கல் உடைக்க, இன்னொருவர் வீடு கட்டுவதுபோல.

ரோதியா என்ற வாய்க் கிருமியின் கதை இன்னும் விசித்திரம். நாக்கில் வாழும் இந்தக் கிருமி வெளியிடும் பொருட்களைச் சூடோமோனாஸ் பயன்படுத்திக்கொள்கிறது என்று கலிபோர்னியாவின் ஏர்வைன் நகர ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். அதே ரோதியா சுவாசப்பையின் அழற்சியைத் தணிக்கிறது என்று பெல்ஜியத்தின் கென்ற் நகர ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். ஒரே கிருமி ஒருபுறம் எதிரிக்குச் சோறு போடுகிறது, மறுபுறம் வீட்டில் பற்றிய நெருப்பை அணைக்கிறது. அலபாமாவில் ஜெசிக்கா ஸ்கோபீல்ட் செய்த ஆய்வுகளில், பல்லில் வாழும் ஒருவகை ஸ்ரெப்ரோகொக்கஸ், நைற்றைற் என்ற உப்பு இருக்கும்போது சூடோமோனாசின் வளர்ச்சியைத் தடுத்தது. இது ஆய்வுகூடத்தில் கண்டது. மருந்தாக இன்னும் வரவில்லை.

இதில் அறிஞர்களுக்கிடையே கருத்து வேறுபாடும் உண்டு. சளியைத் துப்பும்போது அது வாய் வழியாகத்தானே வருகிறது? வரும் வழியில் வாய்க் கிருமிகள் ஒட்டிக்கொள்ளலாம். 2012இல் சியாற்றில் நகரில், மாற்றுச் சத்திரசிகிச்சைக்காக அகற்றப்பட்ட சி.எப். சுவாசப்பைகளை நேரடியாக ஆராய்ந்தார்கள். உள்ளே இருந்தவை பெரும்பாலும் சூடோமோனாஸ் போன்ற வழமையான எதிரிகளே. வாய்க் கிருமிகள் மிகச் சொற்பம். ஆனால் அவை வருத்தம் முற்றிய சுவாசப்பைகள். வருத்தத்தின் தொடக்க காலத்தில் என்ன நடக்கிறது என்பதில் விவாதம் இன்னும் தொடர்கிறது. ஆகவே "சி.எப். பிள்ளைகளுக்கான நல்ல கிருமி மாத்திரை" என்று எவராவது விற்க வந்தால், உங்கள் சி.எப். நிலையத்தில் கேட்காமல் வாங்காதீர்கள்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். பிரான்சின் பிறெஸ்ற் நகரில் 2015இல் வெளியான ஆய்வில், சி.எப். உள்ளவர்களின் வாயையும் சுவாசப்பையையும் ஒன்றாகப் பரிசோதித்து, சூடோமோனாஸ் வாயிலும் இருப்பதைக் கண்டார்கள். அதாவது வாய், எதிரி ஒளிந்திருக்கும் பதுங்குகுழியாகவும் இருக்கலாம். மருந்தினால் சுவாசப்பையிலிருந்து விரட்டப்பட்ட கிருமி, வாயிலிருந்து மீண்டும் இறங்கக்கூடும்.

மருந்து என்றதும் நியூ ஜேர்சி நேயர்களுக்கு ஒரு செய்தி. 1943இல் உங்கள் மாநிலத்தின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அல்பேர்ட் ஷற்ஸ் ஸ்ரெப்ரோமைசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். சயரோகத்துக்கு எதிராக வேலைசெய்த முதல் அன்ரிபயோரிக் அது. அதைத் தரும் மண் கிருமியை 2019இல் நியூ ஜேர்சி தன் மாநிலக் கிருமியாகவே அறிவித்தது. அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ரோப்ராமைசினை மூச்சில் இழுக்கும் வடிவில் சி.எப். நோயாளருக்குக் கொடுக்க 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இத்தகைய மருந்துகள் ஆயிரக்கணக்கானோரின் ஆயுளை நீட்டியிருக்கின்றன. ஆனால் அன்ரிபயோரிக் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்ப்பதில்லை. அது வாயின் ஊரையும் மாற்றிவிடுகிறது. சில ஆய்வுகளில் சி.எப். உள்ள சிறு பிள்ளைகளுக்குச் சூத்தைப் பல் குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பிப் பல்லைக் கவனிக்காமல் விடக் கூடாது. இந்தப் பிள்ளைகளின் பல் மிளிரி பழுதாக இருப்பதும், பல்லில் காரை படிவதும் கூடுதல். வயது ஏற அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

2019 ஒக்ரோபரில் அமெரிக்காவில் ட்றைகாப்ரா என்ற மாத்திரை அனுமதிக்கப்பட்டது. பழுதான கதவையே திருத்த உதவும் மருந்து இது. தகுந்த பரம்பரை மாற்றம் உள்ளவர்களுக்குப் பெரிய விமோசனம். சளி குறைகிறது, மூச்சு இலகுவாகிறது. ஆனாலும் ஏற்கெனவே நிலைகொண்ட சூடோமோனாஸ் பலரில் குறைகிறதே தவிர முற்றாக நீங்குவதில்லை. எங்கள் சமூகத்தில் சிலருக்கு இந்த மாத்திரை பொருந்தாமலும் போகலாம். அவர்களுக்கு அன்றாடப் பராமரிப்புத்தான் முதன்மையான ஆயுதம். அதில் வாய்ப் பராமரிப்பு காசு அதிகம் செலவில்லாதது, வீட்டிலேயே செய்யக்கூடியது.

இனி, வீட்டில் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம். உங்கள் வைத்தியர் சொன்னதற்கு மாறாக நான் எதையும் சொல்ல வரவில்லை. அவர் சொன்னதே முதலில்.

ஒன்று: காலையும் படுக்கைக்குப் போக முன்பும், புளோரைட் உள்ள பற்பசையால் பல் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு அரிசி அளவு பசை. ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. இரவுத் துலக்கல்தான் மிக முக்கியம். இரவில்தான் உமிழ்நீர் உள்ளே இறங்குகிறது என்று முன்னர் சொன்னேன் அல்லவா?

இரண்டு: பற்தூரிகை எப்போதும் ஈரமாக இருக்கக் கூடாது. ஈரம் சூடோமோனாசுக்குத் தாய்வீடு. மூடியால் மூடிவைக்காமல் நிமிர்த்தி, காற்றுப்படும்படி வைத்துக் காயவிடுங்கள். குடும்பத்தின் பிரஷ்கள் எல்லாவற்றையும் ஒரே குவளையில் ஒன்றோடொன்று முட்டும்படி வைக்காதீர்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்குங்கள்.

மூன்று: சாப்பாட்டோடு கொடுக்கும் சதையிச் சமிபாட்டு மருந்தின் சிறு மணிகள் வாயில் தங்கினால் வாயைப் புண்ணாக்கும். குழந்தைக்கு அதை அப்பிள் மசியல் போன்ற புளிப்புத்தன்மையுள்ள மென்மையான உணவில் வைத்துக் கொடுத்து, பிறகு முரசு இடுக்கில் மணி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு: இந்தப் பிள்ளைகளுக்குக் கொழுப்பும் சக்தியும் நிறைந்த சாப்பாடு அடிக்கடி தேவை. "பல் பழுதாகும், இனிப்புச் சாப்பிடாதே" என்று சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். நிறை குறைந்தால் சுவாசப்பையும் பலம் இழக்கும். இனிப்பைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் கொடுங்கள். இடைநேரத்தில் நெய்த் தோசை, முட்டை, கச்சான், பாற்கட்டி போன்றவை நல்லவை. சிறு குழந்தைக்குக் கச்சானை முழுதாகக் கொடுக்காமல் அரைத்துக் கொடுங்கள். சாப்பிட்ட பின் ஒரு மிடறு தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கப் பழக்குங்கள். படுக்கையில் பால்போத்தலோடு நித்திரையாக விடாதீர்கள்.

ஐந்து: மூச்சில் இழுக்கும் ஸ்ரீரொயிட் மருந்து எடுத்தால், உடனே வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சணம் படியும். மருந்துப் புகை பிடிக்கும் நெபுலைசர் கருவியின் வாய்ப்பகுதியைக் கழுவினால் மட்டும் போதாது. தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் ஐந்து நிமிடம் கொதிநீரில் அவித்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

ஆறு: கிருமிகொல்லும் வாய்கழுவி மருந்தை நீங்களாக வாங்கி ஒவ்வொரு நாளும் பாவிக்க வைக்காதீர்கள். அது நல்ல குடிகளையும் விரட்டும். பல்வைத்தியர் ஒரு காலத்துக்குச் சொன்னால் அந்தக் காலத்துக்கு மட்டும்.

எங்கள் பாட்டிமார் சொல்லித்தந்த பழக்கங்களைப் பற்றியும் கேட்பீர்கள். வேப்பங்குச்சி, உமிக்கரி எல்லாம் அந்த நாளில் பல்லைக் காத்தவைதான். ஆனால் பல் மிளிரி பலவீனமான இந்தப் பிள்ளைகளுக்குக் கரி உராய்வு கூடாது. நல்லெண்ணெய் கொப்பளிப்பதும், குழந்தையைக் குளிக்கவார்க்கும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் சுவாசப்பையில் தங்கி நியூமோனியாவை உண்டாக்கும். அம்மம்மாவின் மனம் நோகாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். "உங்கள் பேரப்பிள்ளையின் நெஞ்சு வேறு மாதிரி அம்மா" என்றால் அவருக்கும் விளங்கும். ஒரே கரண்டியால் ருசி பார்த்துப் பிள்ளைக்கு ஊட்டும் அன்பையும், தடிமன் காய்ச்சல் உள்ள நாட்களிலாவது ஒதுக்கிவைக்கலாம்.

பல்வைத்தியரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். முதல் நாளே "பிள்ளைக்கு சி.எப்." என்று சொல்லுங்கள். பல்வைத்தியரின் கதிரையில் நீர் பாயும் நுண்குழாய்களுக்குள்ளும் சூடோமோனாஸ் வளரலாம். அந்த நீரில் ஒரு மில்லிலீற்றருக்குக் கிருமிகள் 500க்கு மேல் போகக் கூடாது என்பது நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் அறிவுறுத்தல். "குழாய்களைப் பரிசோதிக்கிறீர்களா?" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. நல்ல பல்வைத்தியர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

செலவைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு: மெடிக்கெய்ட் உள்ள, 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பல் வைத்தியமும் அதில் அடங்கும். எல்லா மாநிலத்திலும் அப்படித்தான். கலிபோர்னியாவில் கலிபோர்னியா சில்ட்ரன்ஸ் சேர்விசஸ் என்ற திட்டத்தின் நோய்ப் பட்டியலில் சி.எப். உண்டு. வளர்ந்தவர்களுக்கும் அங்கே வேறொரு திட்டம் இருக்கிறது. குடிவரவு நிலையைப் பொறுத்துத் தகுதி மாறும், விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. நாடு முழுவதும் 130க்கும் மேற்பட்ட சி.எப். நிலையங்களில் சமூக சேவையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை வைத்து அவன் வருத்தத்தையே அவன் வாயால் மொழிபெயர்க்கச் செய்யும் துயரம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊர்களில் ஒருவர் தொடர்ந்து இருமினால் "சயமாக்கும்" என்று சனம் விலகிப்போகும். அந்தப் பயத்தில் இங்கும் பெற்றோர் பிள்ளையின் வருத்தத்தை மறைக்கிறார்கள். நாளைக்குக் கலியாணம் பேசும்போது தடையாகும், மற்றப் பிள்ளைகளுக்கும் பேர் கெட்டுவிடும் என்று எண்ணுகிறார்கள். சி.எப். தொற்று வருத்தம் அல்ல. தாய் தகப்பன் இருவரிடமும் பழுதான அலகு ஒவ்வொன்று மறைந்திருந்து, இரண்டும் பிள்ளைக்குச் சேரும்போதே அது வருகிறது. அப்படிச் சேர்வதற்கு ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எங்களில் மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கமாக உள்ள குடும்பங்களில் ஒரே அலகு இரு பக்கமும் இருக்கும் சாத்தியம் கூடும். இது எவரின் பாவமும் அல்ல, சாபமும் அல்ல. சொந்தங்களுக்குச் சொன்னால்தான் அவர்களும் கலியாணத்துக்கு முன்போ, பிள்ளை பெற முன்போ தங்கள் இரத்தத்தைப் பரிசோதிக்க முடியும்.

ஒரேயொரு விலகல் மட்டும் அவசியம். சி.எப். உள்ள இருவர் ஒருவருக்கொருவர் ஆறடி தூரம் தள்ளியே இருக்க வேண்டும். ஒருவரின் சுவாசப்பைக் கிருமி மற்றவருக்குத் தாவக்கூடும். ஆனால் அவர்களின் பெற்றோர் தாராளமாகச் சந்திக்கலாம், தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசலாம். மற்றப் பிள்ளைகள் அவர்களோடு விளையாடலாம், பக்கத்தில் இருந்து சாப்பிடலாம், பிறந்தநாளுக்குக் கூப்பிடலாம். யுத்தத்திலிருந்து பிள்ளைகளைக் காத்துக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நாங்கள். இந்த நாட்டில் ஒரு பிள்ளையின் மூச்சைக் காப்பதற்கு இரவில் ஒரு பிரஷும், வீட்டில் ஒளிவில்லாத ஒரு பேச்சும் பெரிய துணை.

இந்த உரையைக் கேட்டு, "எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு இருமல் இருக்கிறதே" என்று எவருக்காவது தோன்றினால், வரும் கிழமையே வைத்தியரை அழைத்து நேரம் எடுத்துவிடுங்கள்.